கோரிக்கை எண் ஏழு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: 2002-ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, பெரம்பலூர் லாட்ஜ் ஒன்றின் கூட்ட அரங்கில், மறுவாழ்வு மருத்துவர் சங்கத்தின் ஒன்றுபட்ட மாவட்டக் கிளை கூடி, அடுத்த பத்தாண்டுகளுக்கான முன்னுரிமைக் கோரிக்கைகளைத் தீர்மானித்தது. உறுப்பினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். இரண்டு பேர்.

ஒன்றுபட்ட என்பதற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானதும் கிளையும் இரண்டாகி, டாக்டர் ராசாங்கம் பெரம்பலூர்த் தலைவராகவும், டாக்டர் செந்தில்குமார் அரியலூர்த் தலைவராகவும் ஆனார்கள். தொண்டர்கள் இல்லாததால் கோஷ்டித் தகராறும் இல்லை. இந்த மார்ச் கடைசியில் இரண்டு மாவட்டங்களையும் மறுபடி ஒட்டவைத்துவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயது ராசாங்கம் தலைவராகவே நீடித்தார். முப்பத்து மூன்று வயது செந்தில்குமார் செயலாளராக இறங்கினார். அரசியலில்கூட இவ்வளவு பெருந்தன்மை கிடையாது.

இவர்கள் என்ன டாக்டர்? ஆபரேஷன் செய்கிற டாக்டர் அடிபட்ட காலை எடுத்துவிட்டு அடுத்த கேசுக்குப் போய்விடுவார். மிச்சமிருக்கிற ஆளை எழுப்பி, நிற்க வைத்து, நடக்க வைத்து, பிழைப்புக்கு அனுப்புகிற டாக்டர் இவர்கள். நடந்து போனவர்கள் திரும்பி வந்து நன்றி சொல்வதில்லை. அதுதான் நடக்க ஆரம்பித்துவிட்டார்களே.

அரங்கில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். பாடாலூர்க் காத்தாயி, முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாள். ஜனவரியில் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கோரிக்கைகளுக்கு உயிருள்ள சான்றாக அவளை அழைத்து வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்திருந்தார்கள். கக்கத்துக் கட்டைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"கோரிக்கை எண் ஒன்று," என்றார் ராசாங்கம், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "நம் துறையின் பெயரும் தகுதியும் பொதுமக்கள் மத்தியில் உரிய முறையில் நிலைநாட்டப்பட வேண்டும்."

"அது அஞ்சாவதா இருக்கட்டுமே சார்."

"அஞ்சாவதா? இருபத்திரண்டு வருஷம்யா! என் மச்சினன் போன மாசம் கல்யாண வீட்டுல என்னை எப்படி அறிமுகப்படுத்தினான் தெரியுமா? 'மசாஜ் பண்ற டாக்டர்'னான். மாப்பிள்ளையோட தாத்தா சட்டையைக் கழட்டிட்டு முதுகைத் திருப்பிக் காட்டுறாரு."

செந்தில்குமார் சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். எண் ஒன்று நிறைவேறியது. இரண்டு, தனிப் பெயர்ப் பலகை. மூன்று, மருத்துவக் கல்லூரிகளில் கூடுதல் இடங்கள். நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் நியாயமானவைதான். எண் ஏழு, 'செயற்கைக் கால் தயாரிக்கும் பணியாளரையும் தளவாடங்களையும் ஒரே இடத்தில் அமைத்தல்'.

காத்தாயி கையைத் தூக்கினாள்.

"அது என்னாங்க சார், ஏழாவது?"

செந்தில்குமார் விளக்கினார். கால் செய்கிற உத்திராபதி இத்தனை நாளும் அரியலூரில் இருந்தார். மாவட்டம் ஒன்றானதும் அவரைப் பெரம்பலூருக்கு மாற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைக்கிற அடுப்பும் மற்ற சாமான்களும் அரியலூரிலேயே பூட்டிய அறைக்குள் கிடக்கின்றன. அவற்றை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும்.

"அப்ப ஆளு இங்க, அடுப்பு அங்க."

"ஆமாம்மா."

"சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு," என்றார் செந்தில்குமார்.

"உத்திராபதி அண்ணன்?"

"என் கீழதான் வேலை பார்க்கிறார்," என்றார் ராசாங்கம். "வெளியில அனுப்ப எனக்கு அதிகாரமில்லை."

காத்தாயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், ஜூன் மூணாந்தேதி பள்ளிக்கூடம் தொறக்குறாங்க. 'அன்னிக்கு நின்னு சமைக்கிற மாதிரி வந்துடு காத்தாயி, இல்லேன்னா ஆபீஸ்ல வேற ஆளப் போட்டுடுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது'ன்னு எங்க அமைப்பாளர் பாக்யலட்சுமி அக்கா சொல்லிட்டாங்க. உங்க ஏழாவது அதுக்குள்ள வந்துடுமா சார்?"

ராசாங்கம் கோரிக்கைக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்; அதில் தேதி எதுவும் இல்லை.

"எங்க கூடத்துல வெறகு வரலேன்னா வேலியில முள்ள வெட்டியாந்து எரிப்போம் சார். ஒரு மணிக்குப் புள்ளைங்க தட்டத் தூக்கிட்டு வந்து நின்னுடும். அதுங்ககிட்டப் போயி உத்தரவு வரல்லேன்னு சொல்ல முடியுமா?"

ராசாங்கம் பேனாவை மூடினார். காத்தாயியின் வலது முழங்காலுக்குக் கீழே மடித்துக் கட்டிய சேலை முனையைப் பார்த்தார். பிறகு அறைக்கு வெளியே எட்டிப்பார்த்து, "யோவ் உத்திராபதி!" என்றார்.

தண்ணீர்ப் பாட்டில் வாங்கப் போயிருந்த உத்திராபதி வந்தார்.

"நாளையிலேர்ந்து மூணு நாள் லீவு எழுதிக் குடு."

"நான் கேக்கலீங்களே சார்."

"எழுதுய்யா. காரணம், அக்கா மகனுக்குக் காதுகுத்து."

"எனக்கு அக்காவே கிடையாதுங்க சார்."

"மூணு நாளைக்கு இருந்துட்டுப் போகட்டும். லீவுல நீ அரியலூருக்குப் போனா நான் என்ன கேக்க முடியும்?"

செந்தில்குமார் எழுந்தார். "அந்த ரூம்ல எலி இருக்கான்னு நானும் திறந்து பார்த்து ரொம்ப நாளாச்சு சார்."

மூன்று நாளில், அரியலூரில் காத்தாயியின் காலுக்கு மாவு அச்சு எடுத்து, பிளாஸ்டிக்கைச் சுட்டு, கால் தயாரானது. ஆனால் கால் வந்ததும் நடை வந்துவிடாது. மீதி நாள் முழுக்கத் தினமும் காலையில் காத்தாயி பஸ்ஸில் வந்து, ராசாங்கத்தின் பிரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்தாவது நாள் கம்பியை விட்டாள். அன்றைக்கு ராசாங்கம் எங்கிருந்தோ ஓர் அண்டாவைக் கொண்டுவந்து, அதில் பாதி மணலைக் கொட்டி, துடுப்பை நீட்டினார்.

"கிண்டு."

ரெண்டு கிண்டிலேயே ஆடினாள். விழப்போனவளை நர்ஸ் தாங்கிக்கொண்டாள்.

"பாரத்தைப் பூரா இடது கால்ல வைக்கிற. இதுவும் உன் காலுதான். நம்பு."

"நீங்க கிண்டிக் காட்டுங்க சார். சொல்றது சுளுவு."

இருபத்திரண்டு வருட அனுபவமும் இரண்டு பட்டங்களும் உடைய டாக்டர் ராசாங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டு, கால்களை அகட்டி நின்று, மணலைக் கிண்டினார். வராண்டாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அவள் பாதங்களை மட்டும் பார்த்தார். "இப்ப நீ. இடுப்பைத் திருப்பாதே. ஆங், அப்படித்தான்."

ஜூன் மூன்றாம் தேதி காத்தாயி சமைத்தாள்.

மாதக் கடைசியில் ராசாங்கம் பாடாலூருக்குப் போனார். போகப்போகத் தசை வற்றி, போட்ட கால் லூசாகும். உள்ளே இன்னொரு உறை போடவேண்டும். சமையல்கூடத்தில் புகைக்கு நடுவே காத்தாயி சாம்பார் சாதத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கால்களும் ஒன்றுபோல ஊன்றியிருந்தன. அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க சார்! அக்கா, ஓடியாங்க, யாரு வந்துருக்காங்க பாருங்க! நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்ல, எனக்குக் காலு குடுத்த சாமின்னு? இவருதான் அந்த மசாஜ் டாக்டரு!"

பாக்யலட்சுமி பயபக்தியோடு கும்பிட்டாள். ராசாங்கம் திருத்துவதற்காக வாயைத் திறந்தார். காத்தாயி அதற்குள் துடுப்பை வைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் நாலு எட்டு நடந்துபோய், அவருக்கு ஒரு தட்டு எடுத்துவந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, தட்டை வாங்கிக்கொண்டார்.

கோரிக்கை எண் ஒன்று பரிசீலனையில் இருக்கிறது.