மாலை போட்ட படம்

முத்துச்செல்வி சிம்மக்கல்லில் ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை பார்த்தாள். தினமும் காலை எட்டே காலுக்கு ஊரில் டவுன் பஸ் ஏறுவாள். அன்றைக்கு மச்சாண்டாரின் ஆறாம் வருஷ நினைவு நாள். நல்லகாமன் அவள் புருஷனுக்கு அண்ணன். வடக்கே எல்லையில் காவல் நின்றபோது பனிச்சரிவில் போனவன். கல்யாணம் ஆகி வந்தே ஒரு வருஷம்தான் என்பதால் அவள் அவனை நேரில் பார்த்ததில்லை. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நற்பணி மன்றம் நடத்தும் நினைவுக் கூட்டம் இருந்தது. மத்தியானத்தோடு வந்துவிடுவதாக அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஒத்தக்கடை முக்கில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகத் தன் புருஷனைப் பார்த்தாள்.

இருபதடி உயர பிளெக்ஸ் போர்டு. நடுவில் ராணுவ உடுப்பில் அருண்பாண்டி. கழுத்தில் ரோஜா மாலை. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே பெரிய எழுத்தில் ‘வீரவணக்கம்’.

அவனும் பட்டாளத்துக்காரன்தான். கடைசியாகப் பேசி நாலு நாள் ஆகியிருந்தது. “மேல போஸ்ட்டுக்குப் போறேன், அங்க சிக்னல் கிடைக்காது, பயப்படாத” என்று சொல்லியிருந்தான். பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். ரோட்டோரத்திலேயே விழுந்துவிட்டாள். பூ விற்கிற அம்மா ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

“யாரும்மா அது? ஒங்க வீட்டு ஆளா?”

“எம் புருஷன்.”

“அடி ஆத்தீ! நல்லகாமன்னு போட்ருக்கே, அவரா ஒம் புருஷன்?”

அப்போதுதான் அவள் கீழே இருந்த பெயரைப் படித்தாள். நல்லகாமன். பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் மச்சாண்டாருடையது. முகம் மட்டும் அருண்பாண்டியுடையது. போர்டின் அடிப்பகுதியில் கூட்டத்துக்கு வரப்போகிற சிறப்பு விருந்தினர் கைகூப்பிச் சிரித்தார். அவர் பக்கத்தில், அதே அளவில், நற்பணி மன்றத் தலைவர் ஜெயபாண்டி.

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வந்த உயிரோடு ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எழுந்தாள். எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், “அண்ணே, அருவாளக் கொஞ்சம் குடுங்க” என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

முதலில் கயிறுகளை அறுத்தாள். சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தது. அதன்மேல் முட்டி போட்டு உட்கார்ந்து புருஷன் இருந்த பாகத்தைச் சுற்றிக் கிழித்தாள். அந்தக் கிழிசலில் சிறப்பு விருந்தினரின் பாதி முகமும் போனது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. கிழித்ததைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அருவாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜெயபாண்டியின் ஆட்கள் பைக்கில் வந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு அவள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ‘வீரமரணம் அடைந்த ராணுவ வீரரின் படத்தைக் கிழித்து அவமதித்த பெண்’ என்று ஜெயபாண்டி புகார் எழுதிக் கொடுத்திருந்தார். எஸ்.ஐ. பாண்டிமீனா அதை இரண்டு தடவை படித்தார்.

“எந்த வீரரும்மா?”

“அவுக உயிரோடதான் இருக்காக மேடம். எம் புருஷன். இவுகதான் சாக வச்சாக.”

மாமனார் மருது வந்து சேர்ந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கென்று காலையிலேயே தேய்த்த சட்டை போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்தியிருந்தார். பின்னால் அத்தை ராமக்காள், செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள்.

“மாமா, இதப் பாருங்க” என்று முத்துச்செல்வி சுருளை விரித்தாள்.

மருது பார்க்கவில்லை. “சரி விடும்மா. ஏதோ தவறிப் போச்சு. மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு. சாயங்காலம் பெரிய மனுசங்க வாராங்க.”

“நான் எதுக்கு மாமா மன்னிப்புக் கேக்கணும்?”

ஜெயபாண்டி இடையில் புகுந்தார். “ஏம்மா, வேணும்னா போட்டோம்? ஒங்க வீட்டுக்காரரும் அவங்கண்ணனும் சேந்து நிக்கிற போட்டோ ஒண்ண மருதண்ணன்தான் அனுப்பினாரு. அதுல மூத்தவரு மூஞ்சி எடுப்பா இல்ல. சிரிச்சு ஈறு தெரியுது. பெருசா அடிச்சா நல்லா இருக்காதுன்னு பசங்க சொன்னாங்க. அண்ணன் தம்பிதான, ஒரே சாடை. யூனிபார்ம்தான முக்கியம்?” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “மருதண்ணனே நேத்து சாயங்காலம் வந்து பாத்துட்டு, சரி இருக்கட்டும்னுதான் சொன்னாரு” என்றார்.

முத்துச்செல்வி மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நேத்தே பாத்தீகளா?”

“மாத்தச் சொன்னேம்மா. நேரமில்லைன்னாங்க. ஒரு நாள்தான, கூட்டம் முடிஞ்சதும் எடுத்துருவாங்கன்னு...”

“நேத்து ராத்திரி என் கையாலதான சோறு தின்னீக? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த ரோட்ல விழுந்திருக்க மாட்டேன்ல?”

மருது தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ராமக்காள் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் ஜெயபாண்டியின் முன்னால் போய் நின்றாள்.

“எம் மகன் மூஞ்சி எடுப்பா இல்லையா?”

“ஆத்தா, நான் அப்படிச் சொல்லல...”

“அப்படித்தான் சொன்ன. இம்புட்டுப் பேரு முன்னால சொன்ன. அவன் கறுப்பு. அவனுக்குப் பல்லு தூக்கல். அந்த மூஞ்சியோடதான் பனிக்குள்ள கிடந்தான். தோண்டி எடுக்க மூணு நாளாச்சு. செத்தது அவன், போர்டுக்கு வேற ஆளு வேணுமாக்கும் ஒனக்கு?”

ஜெயபாண்டி எஸ்.ஐ.யைப் பார்த்தார். பாண்டிமீனா பேனாவை மூடி வைத்தார். “போர்டு வைக்க அனுமதி வாங்கின பேப்பர் எங்க?”

“அது... வாய்மொழியா...”

“இருபதடி போர்டுக்கு வாய்மொழியா? இந்தப் புகார எடுத்தா முதல் கேஸ் உங்க மேலதான் போடணும். என்ன செய்யலாம், சொல்லுங்க.”

புகார்த் தாளை ஜெயபாண்டி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். போகும்போதுகூட மருதுவிடம், “அண்ணே, நாலரைக்கெல்லாம் வந்துருங்க” என்றார். மருதுவும் பழக்கத்தில் தலையாட்டிவிட்டார். அதை முத்துச்செல்வி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ராமக்காள் பீரோவைத் திறந்தாள். ஆறு வருஷமாக மேடைமேடையாக மருதுவுக்குப் போர்த்திய சால்வைகள் அதில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள்.

“எம் பிள்ளை குளிர்ல செத்தான்யா. இதுல ஒண்ணாவது அவன் மேல கிடந்துச்சா? அம்புட்டும் ஒனக்குத்தான் போத்துனாங்க. ஒன் சால்வைக்காகப் பெரியவன் மூஞ்சிய அழிச்ச. சின்னவனுக்கு மாலை போட்டத மென்னு முழுங்குன.”

அப்போதுதான் மருது வாயைத் திறந்தார். “ஒனக்குத் தெரியாதாடி? எங்கப்பன் இந்த ஊர்ல சட்டை போட்டு நடக்க முடியாமத்தான் பட்டாளத்துக்கு ஓடுனான். பண்ணை வேலைக்குக் கூப்புட வந்தவன் எவனும் எங்கள மேடையில ஏத்தல. இப்ப ஏத்துறாங்க. பெரியவன் செத்ததுக்கப்புறந்தான் ஏத்துறாங்க. அத வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?”

முத்துச்செல்விக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேலேயே அவளுக்குக் கோபமாக இருந்தது.

“பட்டாளத்துலருந்து வந்து தாத்தா சட்டை போட்டு நடந்தாரு மாமா. நிமிந்து நடந்தாரு. நீங்க அதே சட்டையப் போட்டுக்கிட்டு அந்த ஆளு முன்னால தலையாட்டுறீக.”

மருது, மெடல்கள் நெஞ்சில் இருந்தபடியே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் நடந்தது. வேறொரு போர்டு அவசரமாக அடித்து வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அதில் நல்லகாமன் படமே இல்லை, சிறப்பு விருந்தினர் மட்டும்தான். பள்ளிக்கூட மைதானத்து ஸ்பீக்கர் வீடு வரைக்கும் கேட்டது. ‘வீரத் தந்தை மருது அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்’ என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். மருது எழுந்து உட்கார்ந்தார். ராமக்காள் வாசலை மறைத்து நின்றாள். ஆனால் அவர் வாசல் பக்கம் வரவில்லை. அப்புறம் வேறு யாரையோ அழைத்தார்கள். கைதட்டல் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அருண்பாண்டி கூப்பிட்டான். முத்துச்செல்வி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“அப்பாவ விட்ரு செல்வி. அவருக்கு வேற என்ன இருக்கு?”

“ஒங்களுக்கு மாலை போட்டு ரெண்டு பக்கமும் விளக்கு வச்சிருந்தாக. அது தெரிஞ்சும் அவுக சோறு தின்னாக. நீங்க விடுங்க. என்னால முடியாது.”

“சரி” என்றான் அவன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் ஆகிறது. மருது எந்த மேடைக்கும் போகவில்லை. ஜெயபாண்டி ஒருமுறை அழைப்பிதழோடு வந்தபோது ராமக்காள் கேட்டைத் திறக்கவில்லை. முத்துச்செல்வி மாமனாருக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாள், மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். பேசுவதில்லை. நேற்று அவராகவே, “அருண் லீவு எப்பம்மா?” என்று கேட்டார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, அடுப்படியில் இருந்த ராமக்காளைப் பார்த்து, “அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி வாராக அத்தை” என்றாள்.