ஓரம் வெட்டாத படம்

கனடாவில் யாரோ அகலமான டீவி வாங்கினால் திருகோணமலையில் ஒரு மனுசனுக்கு நித்திரை கெடுமா? கெட்டது. ஸைனுலாப்தீன் விடிந்ததிலிருந்து கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாகக் கிடந்தார். மனைவி ஜெஸீமா வைத்த பால்தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.

கதை இதுதான். கலியாண வீடியோ எடுப்பது அவர் தொழில். புதுக் கமரா அகலத் திரைக்குப் படம் பிடிக்கும். ஊரிலோ வீட்டுக்கு வீடு பெட்டி டீவி. அதில் அகலப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். "பாதிப் படத்த விழுங்கிப்போட்டீங்களே" என்று சனம் சண்டைக்கு வரும். மனுசன் ஒரு வேலை பார்த்தார். கமராவின் சின்னத் திரையில் இரண்டு ஓரத்திலும் கறுப்பு டேப் ஒட்டி, நடுச் சதுரத்தை மட்டும் பார்த்து எடுப்பார். ஓரங்களைப் பிறகு கம்பியூட்டரில் வெட்டிவிடுவார். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு!

சாம்பல்தீவுக் கனகம்மாவின் மகள் கலியாணத்தையும் அப்படித்தான் எடுத்தார். சண்டை திரும்பவும் மூண்டு, ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த வருசம். கலியாணத்தன்று மத்தியானம் துறைமுக வீதி மண்டபத்து வாசலில் நின்ற கனகம்மாவின் மகன் யோகலிங்கமும் காணாமல் போனான். கனகம்மா ஏறாத ஆமி முகாம் இல்லை, விழாத கால் இல்லை. "நாங்கள் பிடிக்கேல்ல" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். மாதம் ஒன்றாகிவிட்டது. நேற்று, மணப்பெண்ணின் கனடாச் சித்தி வாங்கிய அகல டீவிக்காக ஓரம் வெட்டாத படத்தைப் போட்டபோதுதான் ஸைனுலாப்தீன் அதைக் கண்டார்.

மண்டபத்து வாசல். நடுவில் மணமக்கள் சிரிக்கிறார்கள். வலது ஓரத்தில் யோகலிங்கம். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், கதவு திறந்தபடி ஒரு வான். பெடியன் விறுக்கென்று மணமக்கள் பக்கம், சனத்துக்குள் வரப் பார்க்கிறான். அப்போது அந்த ஓரத்திலேயே, கமராவுக்கு முன்னால் கீழிருந்து ஒரு கை நீளுகிறது. தள்ளு, தள்ளு என்று விசிறுகிறது. படத்துக்குள் நுழைகிறவர்களை, பக்கத்தில் நிழல் தட்டியதுமே, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே வீடியோக்காரர் விரட்டுகிற கை. ஒரு கலியாணத்தில் அது எத்தனை பேரை விரட்டும்! முகம் யாருக்கு ஞாபகம்? பெடியன் நின்றுவிடுகிறான். இரண்டு பேரும் அவனை ஏற்றுகிறார்கள். வானின் கதவு சாத்தப்படுகிறது.

வாசலில் ஆள் அரவம் கேட்டது. கனகம்மா.

"தம்பி, நீங்கள் தந்த வீடியோவில என்ர பிள்ளையைக் காணேல்ல. வெட்டின துண்டு ஏதும் கிடக்கோ?"

ஜெஸீமா அவரைக் குசினிப் பக்கம் இழுத்தாள். "இல்லெண்டு சொல்லி அனுப்புங்க. அவனுகள்ற முகம் தெரியிது. நாளைக்கு உங்களயும் ஏத்திட்டுப் போனா எங்கட புள்ளயளுக்கு ஆரு?"

நியாயமான கேள்வி. அவருக்கும் பயம்தான். ஆனால் அந்த முகங்களைவிட அந்தக் கையைத்தான் மறைக்கப் பார்த்தார். பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை, அவ்வளவுதான். கீழ்ப்பக்கத்தைச் சற்று வெட்டினால் கை போய்விடும். அதையும் காலையிலேயே செய்து பார்த்தார். கை போனதும், பெடியன் தானாக நின்று, விரும்பியே வானில் ஏறியவன் போல இருந்தது. சீ, பெத்தவளுக்கு அதையா கொடுப்பது?

"உள்ளுக்கு வாங்கம்மா" என்றார். வெட்டாததைப் போட்டார்.

கனகம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். "என்ர ராசா" என்றாள். பிறகு கை வந்தது.

"இது ஆற்ற கை?"

"என்ர கைதான் அம்மா. அல்லாஹ் அறிய, நான் அவரக் காணல்ல. ஆரோ படத்துக்குள்ள வாறாங்க எண்டு நினச்சி..."

மண் அள்ளித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். அவள் இன்னொருக்கால் போடச் சொன்னாள். கடைசிவரை பார்த்தாள்.

"ஒருநாளும் சொல்லுக் கேளாதவன், தம்பி" என்றாள். "வெளியில நில்லாதை, உள்ளுக்கு வாடா எண்டு அண்டைக்கும் கத்தினனான், கேக்கேல்ல. நீங்கள் சொன்னதைக் கேட்டிட்டான்."