பாரிஸில் அண்ணை இல்லாத ஒரு நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு துணிவு வராது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மில்லிக்கனில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஐபாடை வைத்துக்கொண்டு, பாரிஸில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று திட்டம் போட்டபோது வந்தது. கோடையில் நால்வர் போகிறோம்: நான், மனைவி அன்ரனெற், மகள் ஏஞ்சலாவின் மாமனார் வீரக்குட்டி, மாமியார் கனகாம்பிகை. லண்டனில் ஒரு கலியாணம். அதற்கு முன் பாரிஸில் ஒரேயொரு சனிக்கிழமை. எங்கே போகலாம் என்று நான் தேடவில்லை, எங்கே போகாமல் விடலாம் என்றுதான் தேடினேன். பாரிஸில் என் அண்ணை மரியரட்ணம் இருக்கிறார்.

2

முதல் தொடக்கம்:

ஈபிள் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது சம்பந்திகள் இருவரும் பஸ் யன்னலுக்கு

(விட்டுவிட்டேன். கோபுரத்தில் தொடங்கினால் அண்ணை கதைக்குள் வரவே மாட்டார். அதற்காகத்தான் அப்படித் தொடங்கினேன்.)

இரண்டாவது தொடக்கம்:

“உங்கடை அண்ணையிட்டைப் போனால் அந்த நாளே போயிடும்” என்றாள் அன்ரனெற்.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

“நான் எப்ப உப்பிடிச் சொன்னனான்?”

“கதைதானே.”

“கதையெண்டா உங்கடை பேரைப் போட்டு எழுதுங்கோவன்.”

அவள் மறுபடி கத்தியை எடுத்துவிட்டாள். அந்த வசனத்தைச் சொன்னவன் நான்தான், இதே குசினியில்.

3

ஏஞ்சலாவின் கலியாணப் பேச்சுக்கு, கொஞ்சம் தள்ளியிருக்கும் விட்பிக்குப் போயிருந்தோம். வீரக்குட்டியின் வீட்டு வரவேற்பறையின் அளவைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணை பாரிஸிலை ரெஸ்ரோரண்ட் வச்சிருக்கிறார்” என்றேன். யாரும் கேட்காமலே சொன்னது. அண்ணை ரெஸ்ரோரண்டில்தான் இருக்கிறார், பின்பக்கத்தில். சட்டி பானை கழுவுகிறார்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டவன் நான். இப்போது அப்படி வெட்கப்பட்டதற்காக வெட்கப்படுகிறேன்.]

ஏஞ்சலாவின் கலியாணத்துக்கு இங்கே வர அண்ணைக்கு விசா கிடைக்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லோருக்கும் சொன்னேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

போன கிழமை வீரக்குட்டி போன் எடுத்தார்.

“சம்மந்தி, பாரிஸ்ல பகல் சாப்பாடு ஒங்கட அண்ணன்ட கடையிலதானே? வேற இடத்துல போய்க் காசக் கொட்டத் தேவல்ல.”

“அண்ணை அந்த நேரம் லீவிலை போறார் போல...”

4

அண்ணையைப் பாத்திரமாக்கப் பார்த்தேன். முதலில் கோபக்காரராக எழுதினேன். சரிவரவில்லை. பிறகு,

ஒரு நாள் அண்ணை நல்ல வெறியில் கதவைத் தட்டி

(அவர் பியர்கூடத் தொடமாட்டார்.)

அவரில் ஒரு குறை கிடைத்தால் நான் தப்பிவிடலாம் என்று எழுதியது. அழிக்காமல் விடுகிறேன். நான் எவ்வளவு தூரம் போகக்கூடியவன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

5

ஞாயிறு பூசை முடிந்து காருக்குள் ஏறும்போது அண்ணை அழைத்தார்.

“தம்பி, பாரிசுக்கு வாறியளாம். ஏஞ்சலா சொன்னவள்.”

“ஓம் அண்ணை. உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்.”

“எனக்கு அண்டைக்கு லீவு தரமாட்டாங்கள். நீ யோசிக்காதை. சம்பந்தி ஆக்கள் கடையைப் பற்றிக் கேட்டா, திருத்த வேலை நடக்குது, பூட்டியிருக்கெண்டு சொல்லு.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னுடையதைவிட நல்ல பொய்யொன்றை அவரே செய்து தருகிறார். நான் “ம்” என்றேன்.

பிறகு அவர் எங்களுடைய நாளைச் சொல்லத் தொடங்கினார்.

“காலமை வெள்ளன நோத்ர டாம் கோயிலுக்குப் போங்கோ, சனம் வரமுன்னம். பிறகு ஆத்தங்கரையாலை மெல்ல நடந்தா இருக்க வாங்குகள் போட்டிருக்கு, இருந்து சாப்பிடலாம். மலையிலை இருக்கிற கோயிலுக்குப் படியாலை ஏறாதேங்கோ, கம்பியிலை மேலை இழுத்துக்கொண்டு போற பெட்டி இருக்கு. சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் ஏலாதெண்டு பிள்ளை சொன்னவள். கோபுரத்தை ஆத்துக்கு அங்காலை நிண்டு பாத்தாலே காணும், கிட்டப் போகத் தேவையில்லை.”

“உதெல்லாம் எப்பிடி அண்ணை தெரியும்?”

“நீ வந்தாக் கூட்டிக்கொண்டு போவமெண்டு, லீவு நாளிலை நடந்து நடந்து பாத்து வச்சனான்.”

கார்க் கதவு திறந்தபடி கிடந்தது. அன்ரனெற் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்னேரம் அண்ணை?”

“பின்னேரம் உங்கடை விருப்பம்.”

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நாங்கள் அவரைப் பார்க்காமலே லண்டனுக்கு ரயில் ஏறுகிறோம். அதை எழுத எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. இன்னொன்றில் பின்னேரம் நால்வரும் ரெஸ்ரோரண்டின் பின்பக்கத்துக்குப் போகிறோம். நனைந்த ஏப்ரனோடு நிற்கிறார் அண்ணை. “இவர்தான் என்ர அண்ணை” என்கிறேன். வீரக்குட்டி அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொள்கிறார். நன்றாகவே வந்திருந்தது. வாசித்து எனக்கே கண் கலங்கியது.

பிறகு பயம் வந்தது. என்னை எனக்குத் தெரியும். கதையில் அண்ணையிடம் போய்வந்துவிட்டால் எனக்கு மனம் ஆறிவிடும். மனம் ஆறிவிட்டால் நேரில் போகமாட்டேன்.

ஆகவே அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடை விஷயத்தைச் சொல்ல வீரக்குட்டிக்கு நான் இன்னும் போன் எடுக்கவில்லை. அந்தப் பின்னேரத்தை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் தயவுசெய்து என்னிடம் காட்டிவிடாதீர்கள்.