ஏலே ராயப்பா

"காரம் பத்தல" என்றார் ராயப்பராஜ்.

குழம்பைச் சொல்லவில்லை; வசவைச் சொன்னார். வியாகுலம்மாள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கியபடியே, அன்று சாயங்காலத்துக்கான வசவைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே... ம்... வாயா அது, வண்டிப்பேட்டையா? எந்நேரமும் தொறந்தே கெடக்கு!"

"வண்டிப்பேட்டை நேத்தே ஆச்சு. புதுசாச் சொல்லு."

அவள் காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு யோசித்தாள். "ஏலே... ம்... ஒன் கோட்டுக்குள்ள இன்னும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம் போலருக்கே, வாடகைக்கு விட்டுருக்கியா?"

அவர் தலையை ஆட்டி ரசித்தார். "இது ஒறைக்குது. ஆனா அது என்ன, நடுவுல ஒரு 'ம்'? வரிசையில நின்னா மலைக்கோட்டைக்கே கேக்குற மாதிரி எம் பேரைக் கத்துற. வீட்டுக்குள்ள மட்டும் தொண்டை அடைச்சுக்கிருதோ?"

"வரிசையில கத்துறவ வேற பொம்பள. அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கெடையாது" என்றாள் அவள்.

கத்தரிக்காய் வெஞ்சனம் நன்றாக அமைந்திருந்தது. இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "செத்த நேரம் சாயுறேன். நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எப்போதும் அப்படித்தான், திருவிழாப் பொட்டலுக்கு இருவரும் சேர்ந்து போவதில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு திண்டுக்கல் நாகல் நகர்த் தெருவில் இறங்கி நடந்தாள்.

பொன்னுத்துரையின் ராட்டினம் அந்தச் சீமையிலேயே பெரியது. பெரியதாக இருந்ததே அதற்குக் கேடு. ஒவ்வொரு தொட்டிலாகத் தரைக்குக் கொண்டுவந்து, இருப்பவர்களை இறக்கி, அடுத்தவர்களை ஏற்றி, கம்பியை மாட்டி, மறுபடி ஒரு சுற்று நகர்த்த வேண்டும். ராட்டினம் சுற்றுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். கயிறு கட்டிய வரிசையில் நிற்பவர்களுக்குக் கால் கடுக்கும், பிள்ளைகள் சிணுங்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கூடாரத்து மரணக் கிணற்றுக்காரன் மோட்டார் சைக்கிளை உறும விடுவான். பாதி வரிசை அங்கே ஓடிவிடும்.

அதைத் தடுக்கத்தான் ராயப்பராஜைக் கூட்டிவந்தார் பொன்னுத்துரை. நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவர். கம்பெனி கலைந்து சும்மா இருந்தார். "சுத்துறதை என் என்ஜின் பாத்துக்கிரும். நிக்கிறவங்களை நீ பாத்துக்க" என்றார் பொன்னுத்துரை.

ராயப்பராஜ் தொளதொளவென்று ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கயிற்றோரமாக நடப்பார். அண்ணாந்து, உச்சித் தொட்டிலில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டுவார். வேட்டியை இறுக்கிப் பிடித்திருக்கும் மீசைக்காரருக்குக் கீச்சுக் குரல் கொடுப்பார்: "அடியே, கீழ எறக்கிவிடச் சொல்லுடி, இனிமே ஒங்கம்மாவ ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்!" அவர் பெண்டாட்டிக்குக் கட்டைக் குரல்: "இன்னொரு சுத்து சுத்தட்டும், எங்கப்பாவையும் சேத்துச் சொல்லுங்க." வரிசை குலுங்கும். தாங்கள் மேலே போனதும் தங்களுக்கு என்ன குரல் கொடுக்கிறார் என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அதில் பயம் பாதி போய்விடும்.

முதல் வருஷத்தில் ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை பொறுக்காமல் அவரை நறுக்கென்று ஏசிவிட்டாள். அதற்கு எழுந்த சிரிப்பு அவருடைய வேடிக்கை எதற்கும் எழுந்ததில்லை. வீட்டுக்கு வந்து சொன்னார்: "நான் பேசுனாச் சிரிக்கிறாங்க வியாகுலம். நான் ஏச்சு வாங்குனா உருண்டு சிரிக்கிறாங்க. நீ வந்து ஏசேன்."

வியாகுலம்மாள் கோவிலில் பாட்டுப் பாடுகிறவள். கோழியைக்கூடச் சத்தமாக விரட்டி அறியாதவள். முதல் நாள் வரிசையில் நின்று "இந்தாங்க" என்றாள். ஒருவரும் திரும்பவில்லை. மறுநாள் "யோவ்" வரைக்கும் வந்தாள். அதற்கும் மறுநாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏலே ராயப்பா!" என்றாள். சொல்லி முடித்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வரிசை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

அன்றிலிருந்து அந்த இரண்டு சொல்லே அவர்களுக்கு மறைப்பு. கட்டிய புருஷனைப் பேர் சொல்லி, அதிலும் ஏலே போட்டு எவள் கூப்பிடுவாள்? வேடிக்கைக்காரனுக்கும் அந்த வாயாடிக்கும் ஏதோ ஜென்மப் பகை என்றே ஜனம் நம்பியது.

"இந்தம்மாவக் கட்டுனவனுக்கு ராட்டினமே வேண்டாம், வீட்டுலயே தலை சுத்தும்" என்பார் அவர்.

"என்னயக் கட்டுனவரு ராசாடா. ஒன்னயக் கட்டுனவதான் பாவம், கெணத்தைத் தேடிக்கிட்டு அலைவா."

"கெணறுன்னு மட்டும் சொல்லாத தாயி, பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. எல்லாரும் அங்க போயிட்டா எங்க மொதலாளி அழுவாரு!"

ராட்டினம் பழனிக்குப் போகும்போது வசவும் மாறும். அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கு மரியாதை முக்கியம். "ஏனுங்க ராயப்பா, உங்களுக்கு வெக்கம்ங்கிறதே கெடையாதுங்களா?" என்று அவள் பணிவோடு கேட்பாள். திண்டுக்கல்லைவிட அங்கேதான் அதிகம் சிரித்தார்கள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, புருஷனைப் பேர் சொல்லி ஏசினேன் என்று சாமியாரிடம் சொன்னாள். "கோபத்தோடயா?" என்று கேட்டார் சாமியார். "இல்ல சாமி, வேலைக்கு." மறைப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நெருங்கி வந்தது. பிறகு, "அப்ப பாவமில்ல. சாயங்காலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அவரைப் படுக்கவிட்டு வந்த அந்த மாசி மாதத்துச் சாயங்காலம் வியாகுலம்மாள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் சிவனம்மாள். வேடசந்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். வருஷந்தவறாமல் திருவிழாவுக்கு வருகிறவள், இவர்கள் சண்டையைக் கேட்பதற்கென்றே வரிசையின் நடுவில் இடம் பார்த்து நிற்பாள்.

ராயப்பராஜ் வரவில்லை. வெயில் சாய்ந்தது. மரணக் கிணறு உறுமியது. ஜனம் நெளிந்தது. பொன்னுத்துரை டிக்கெட் கூண்டிலிருந்து அவளைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். வேறு வழியில்லாமல் அவள், இல்லாத ஆளை ஏச ஆரம்பித்தாள்.

"ஏலே ராயப்பா! எங்கடா போய்த் தொலைஞ்ச? அந்தக் கோட்டுக்குள்ளயே வழி தெரியாமச் சுத்திக்கிட்டு இருக்கியா?"

வரிசை சிரித்தது. ஓடப்போனவர்களும் நின்றார்கள்.

"வாடகைக்கு விட்டுருந்தா, குடியிருக்கிறவங்களாவது கையைப் பிடிச்சுக் கூட்டியாங்கப்பா!"

சிவனம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "போதும்டி, புரை ஏறுது!"

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் காதோரம் குனிந்தான். "அக்கா, வீட்டுக்கு வாங்க. அண்ணன் எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

அவள் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். பின்னாலிருந்து சிவனம்மாள் கூவினாள்: "எடம் போயிரும்டி! நான் பிடிச்சு வைக்கிறேன், வெரசா வா!"

படுத்த கோலத்தில், சுவர்ப்பக்கம் திரும்பியபடியே அவர் போயிருந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் வைத்தியர். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அக்கம்பக்கத்தாரும் பங்குக் கோவில் ஜனம் கொஞ்சமும் நின்றார்கள். அவர்கள் யாரும் அவர் வேடிக்கையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இல்லை. சிரித்தவர்கள் எல்லாம் மலையடிவாரத்துப் பொட்டலில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குச் சேதி போகவில்லை. மதுரைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான் என்று பொன்னுத்துரை சொல்லிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டாள்.

அதுதான் அவளை அரித்தது. அழ வேண்டிய ஜனம் அழாமலே போய்விட்டது. அவர் பிழைப்பை விட்டு ஓடினார் என்று ஊர் நினைக்கிறது. அவர் இருந்த இடத்தில் நின்று, அவருக்கு வேண்டியவர்களிடம், தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு அடுத்த மாசி வரைக்கும் காத்திருந்தாள்.

வருஷப் பூசை முடிந்த மறுநாள், வெள்ளைச் சேலையோடு பொட்டலுக்குப் போனாள். ராட்டினத்தடியில் இப்போது மைக் செட் வைத்து ரிகார்டு போட்டிருந்தார்கள். பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது. வரிசை பராக்குப் பார்த்து நின்றது. அவளைக் கண்டதும் பொன்னுத்துரை கூண்டை விட்டு ஓடிவந்தார்.

"வா தங்கச்சி. என்ன வேணும் சொல்லு, செய்யிறேன். அவன் செத்ததை மட்டும் இங்க சொல்லிராத. ராட்டினத்துல சாவுன்னு பேராகிப்போகும். வரிசை கலைஞ்சுரும்."

"வரிசையக் கலைக்கவா அண்ணே அவரு அம்புட்டு வருசம் ஒழைச்சாரு?" என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றுக்குள் நுழைந்தாள்.

நடுவில் சிவனம்மாள் நின்றாள். "வந்துட்டியா! அன்னைக்கு எடம் பிடிச்சு வச்சு, ஆளாளுக்கிட்டப் பேச்சு வாங்கினேன்டி..." என்று ஆரம்பித்தவள் சேலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ. ஒன் ராசா போயிட்டாரா?"

வியாகுலம்மாள் தலையை அசைத்தாள். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சிவனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ராயப்பனையும் காணோம் பாரு. இருந்திருந்தா ஒன்னயச் சிரிக்க வச்சிருப்பான்."

"அவருதான் இவரு" என்றாள் வியாகுலம்மாள்.

"எவரு?"

"எங்க வீட்டுக்காரரு. ஒங்களை எல்லாம் சிரிக்க வச்சவரு. போன வருசம், நான் இங்க நின்னு ஏசிக்கிட்டு இருக்கையிலேயே போயிட்டாரு."

பின்னால் நின்ற ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "பழைய வேடிக்கைய ஆரம்பிச்சுட்டாப்பா!" என்றார். இன்னொருத்தி, "துக்கத்துல என்னமோ பேசுது பாவம்" என்றாள்.

சிவனம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். "ஏத்தா, எந்த ஊருலயாச்சும் பொண்டாட்டி புருசனை ஏலேம்பாளா? வாய் நெறையப் பேரு சொன்னவளாச்சே நீ. வேணும்னா இப்பக் கூப்புடு. எங்கிட்டு ஒளிஞ்சிருந்தாலும் ஒன் சத்தத்துக்கு ஓடி வந்துருவான். கூப்புடுடி!"

"கூப்புடுத்தா!" என்றார் பெரியவர். வரிசையில் நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள்.

வியாகுலம்மாளும் கூப்பிடத்தான் நினைத்தாள். அந்த வேற பொம்பளை இன்னும் தனக்குள் எங்காவது இருப்பாள் என்று நம்பி மூச்சை இழுத்தாள்.

"ஏலே..."

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி, "ஏலே" என்றாள். அடுத்த சொல் வரவேண்டிய இடத்தில், வீட்டில் வருவதுபோல, ஒரு "ம்" மட்டும் வந்தது.

ரிகார்டு முடிந்து முள் கரகரத்தது. யாரும் அதை மாற்றப் போகவில்லை.

சிவனம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தி! நெசமாவே கட்டுனவதான்டி நீ" என்றாள். அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, குரலெடுத்து அழுதாள். பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வரிசையின் வால் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "என்னப்பா அங்க? யாரு தவறுனது?"

வியாகுலம்மாள் நிமிர்ந்தாள். சொல்ல முடியாமல் சிவனம்மாளைப் பார்த்தாள். கோவிலில் அர்ச்சனைக்குப் புருஷன் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்வாளே, அதுபோலச் சிவனம்மாள் அவளுக்காகத் திரும்பி நின்று சொன்னாள்:

"ராயப்பன். நம்ம ராயப்பன். இவ வீட்டுக்காரரு."

பேர் ஒவ்வொருவர் வாயாக வரிசையில் பின்னோக்கிப் போனது. ராயப்பனாம். எந்த ராயப்பன்? கோட்டுக்கார ராயப்பனா? அடடா. அவர் தனக்குக் கொடுத்த கீச்சுக் குரலை ஒருவர் நினைவு வைத்துச் சொன்னார். அழுதுகொண்டே இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் மோட்டார் சைக்கிள் உறுமியது. கயிற்றை விட்டு ஒருவரும் நகரவில்லை. கூண்டுக்குள் பொன்னுத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ஜின்காரனுக்குக் கை காட்டினார்.

ராட்டினம் மலைப்பக்கமாக ஏறி, ஊர்ப்பக்கமாக இறங்கியது.