நடு வானம்

அடுத்தவர் வானத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. முகட்டில் உட்கார்ந்து பருந்து எண்ணுகிறவர்களுக்குள் இருந்த கண்டிப்பு அது ஒன்றுதான். எதிரே தெரியும் மலைவரிசைக்கு மேலுள்ள வானத்தைப் பூகோள டீச்சர் மூன்றாகப் பங்கு போட்டிருந்தார். ஒரே பறவையை இரண்டு பேர் எண்ணிவிட்டால் எல்லாமே கெட்டுவிடும். அதனால் தன் பங்கில் என்ன பறந்தது என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நம்பியாக வேண்டும். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகூட எப்போதாவது வேலியைத் தாண்டிப் பார்ப்பார்கள். இவர்கள் பார்ப்பதில்லை.

இடது வானம் டீச்சருக்கு. வலது வானம் மைத்துனனுக்கு. அவன் குழாய் வேலை செய்கிறவன், வாய் ஓயாதவன். நடு வானம் அவனுடைய அக்காள் கணவருக்கு. நகரப் பேருந்து ஓட்டுகிற அவர், வருஷம் முழுக்கக் காய்ச்சலுக்குக்கூட எடுக்காமல் சேர்த்த விடுப்பை வசந்தத்தில் பருந்துகள் வடக்கே திரும்பும் இந்த நாட்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். நடு வானம்தான் மிகத் தொலைவு. அங்கே பைனாகுலர் எடுபடாது. முக்காலியில் நிற்கும் டெலஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணைப் பொருத்திக்கொண்டு பார்க்க வேண்டும். ஓட்டுநருக்கு அது எப்போதும் இடது கண்.

அந்தக் கண்ணில்தான் முந்தின நாள் மாலையிலிருந்து பூச்சி பறந்துகொண்டிருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கீழே இறங்கு என்பார்கள். இறங்கினால் கண் டாக்டர். டாக்டர் எழுதிக் கொடுப்பது டிப்போவுக்குப் போகும். டிப்போவில் ஒரு முறை சந்தேகம் வந்துவிட்டால் பிறகு ஸ்டியரிங்கைக் கனவில்தான் பிடிக்க வேண்டும். இரவு மூவரும் தங்கியிருந்த குடிசையில் விளக்கை அணைத்ததும் கண்ணோரம் வெள்ளையாக மின்னல் வெட்டியது. அந்தப் பழியை அவர் தூக்கக் கலக்கத்தின் தலையில் கட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. தெற்கிலிருந்து காற்று.

"மாமா, காத்து திரும்பிடுச்சு. இத்தனை நாளா அந்தப் பக்கம் அடைஞ்சு கிடந்தவனுங்க எல்லாம் இன்னிக்குத்தான் கிளம்புவானுங்க. தியேட்டர்ல படம் விட்ட மாதிரி வரும், பாருங்க."

"நீ வாயை மூடிட்டுக் கண்ணைத் திற," என்றார் டீச்சர்.

"ஸ்கூல்லயும் இப்படித்தான் மிரட்டுவீங்களா டீச்சர்?"

"அங்க அவசியமில்ல. பசங்க உன்னைவிடப் புத்திசாலிங்க."

ஓட்டுநர் சிரித்து வைத்தார். டெலஸ்கோப்பில் நீல வானமும் அதில் இரண்டு மூன்று கரும்புள்ளிகளும் தெரிந்தன. எது பருந்து, எது பூச்சி என்று பிரிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பார்வையை ஒரே இடத்தில் நிறுத்திக் காத்திருந்தால் பருந்து தன் போக்கில் நகரும். பூச்சியோ கண்ணோடு சேர்ந்து ஆடும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சோதனை வைத்தார். தேறியதற்கு மட்டும் கையிலிருந்த எண்ணும் கருவியை அமுக்கினார். ஒரு தேன்பருந்து தலைக்கு மேலேயே தாழ்ந்து வந்தது. வலது இறக்கையில் ஒரு இறகு விழுந்த இடைவெளி. கடந்து போகும்போது கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அதற்குச் சோதனை தேவைப்படவில்லை.

வெயில் ஏறியதும் அது நடந்தது. நடு வானத்தின் அடியிலிருந்து புகை கிளம்புவதுபோல ஒரு கூட்டம் எழுந்தது. நூற்றுக்கணக்கான கரும்புள்ளிகள், சுழன்று சுழன்று மேலே.

"கூட்டம்!" என்று கத்தினார். "நடுவுல! டீச்சர், பெருங்கூட்டம்!"

"எண்ணுங்க, எண்ணுங்க, விட்டுடாதீங்க!" டீச்சரின் குரலே இளகிவிட்டது. ஆனாலும் அவர் தலையைத் திருப்பவில்லை. மைத்துனனும் திருப்பவில்லை, சீட்டி மட்டும் அடித்தான்.

ஓட்டுநரின் கட்டைவிரல் ஓய்வில்லாமல் அமுக்கியது. இந்தச் சந்தோஷத்தில் சோதனை மறந்தே போயிற்று. கண் நீர் கோத்துக்கொள்ள, இமைத்துவிட்டு ஒரு நொடிக்கு வலது கண்ணை வைத்தார்.

வானம் துடைத்த தட்டுபோல இருந்தது.

மறுபடி இடது கண். கூட்டம் சுழன்றது. வலது கண். ஒன்றுமில்லை.

"போயிடுச்சா?" என்றார் டீச்சர்.

"மலைக்குப் பின்னாடி... போயிடுச்சு."

அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. டீச்சர் சந்தோஷத்தில் தன் ஃபிளாஸ்கிலிருந்த தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். டீச்சர் யாருக்கும் தேநீர் தருகிறவர் அல்ல. ஓட்டுநர் அதைக் குடித்தார். சூடு தெரியவில்லை. இப்போதே சொல்லிவிடலாம், வாயைத் திறந்தால் போதும் என்று பலமுறை நினைத்தார். டீச்சருடைய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு உள்ளேயே சுருண்டுகொண்டது.

மூவரும் அவரவர் வானத்திலேயே கண்ணை வைத்திருந்தார்கள்.

பிறகு எதிர் மலை வளர ஆரம்பித்தது. முதலில் டெலஸ்கோப் சரிந்துவிட்டது என்று நினைத்துத் முக்காலியின் திருகாணியைச் சரி செய்தார். கறுப்பு முகடு இன்னும் கொஞ்சம் ஏறி நீலத்தின் கீழ்ப்பாதியைத் தின்றது. மலை வளராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், வளர்கிற மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"ம்."

"உங்க வானத்துல மூணு போகுது. நீங்க சொல்லவே இல்ல."

"என் பக்கம் உனக்கென்னடா பார்வை?"

"தப்புதான், திட்டுங்க. அது தெரியுதா, இல்லையா?"

"தெரியுது. மூணு."

"இப்போ?"

"மூணுதான். சொன்னேன்ல."

மைத்துனன் பைனாகுலரை இறக்கினான். "அது அப்பவே போயிடுச்சு மாமா. அங்க ஒண்ணுமே இல்ல."

டீச்சர் முதல் முறையாகத் தன் வானத்தை விட்டுத் திரும்பினார்.

அதன் பிறகு மறைக்க எதுவுமில்லை. பூச்சி, மின்னல், கூட்டம், வளர்ந்த மலை என்று ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். மைத்துனன் அவருடைய வலது கண்ணைப் பொத்திவிட்டு விரல்களைக் காட்டினான். மேலே பிடித்தபோது எண்ணினார். கீழே இறக்கியபோது கையே தெரியவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவளை எதுக்கு இழுக்கற? டிப்போவுல கேட்டா நான் என்ன சொல்றது?"

"விழித்திரை பிய்யுது," என்றார் டீச்சர். "என் தங்கைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவளும் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தா."



மைத்துனன் பையை எடுக்கக் குடிசைக்கு ஓடினான். டீச்சர் எண்ணும் கருவியை ஓட்டுநரின் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"காலைலேருந்து சொன்னதுல எது நிஜம்?"

"முதல்ல வந்ததெல்லாம் நிஜம்னுதான் நினைச்சேன். இப்போ... தெரியல டீச்சர்."

"அப்போ நடு வானத்தையே கணக்குலேருந்து எடுத்துடணும்."

"ஒண்ணு நிஜம். இறக்கையில ஒரு இறகு இல்ல. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச்சு. அதை மட்டுமாவது..."

டீச்சர் மலைகளைப் பார்த்தார். "இருக்கும். நான் இல்லைன்னு சொல்லல," என்றார். "ஆனா ஒண்ணை மட்டும் எப்படி வெச்சுக்கறது?"

கருவியின் எண்கள் சுழன்று பூஜ்யத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. கண்ணைவிட அதுதான் அப்போது அவருக்கு வலித்தது.

இறங்குபாதை ஈரமாக இருந்தது. மைத்துனன் அவருடைய இடது பக்கமாக, முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டு நடந்தான். மேலே டீச்சரின் குரல் கேட்டது. தனி ஆளாக மூன்று வானத்தையும் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண் ஏறிக்கொண்டே போயிற்று.

"தலையை ஆட்டாதீங்க மாமா. மேல பாக்காதீங்க."

"வருதா?"

மைத்துனனின் பிடி இறுகியது.

"கேக்கறேன்ல, வருதா?"

"வருது. வானமே தெரியல, அவ்வளவு வருது."

ஓட்டுநர் நின்றார். நல்ல கண்ணை உயர்த்தினால் போதும். இத்தனை வருஷம் காத்திருந்த நாள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கால் தானாகவே திரும்ப முயன்றது. இடது கண்ணில் கறுப்பு இப்போது பாதிக்கு மேல் ஏறி, பக்கத்தில் நிற்கிற மைத்துனனின் தோளைத் தின்று, கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"உன் முகம் போகப் போகுதுடா," என்றார். "நட. வேகமா நட."

மைத்துனன் நடையை எட்டிப் போட்டான்.