மேலே வராத ஏழு மீட்டர்

காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன். பால் காய்ச்சுகிறேன். காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடத் தொடங்கும். கணினியைத் திறந்து வடதுருவத்துக்குப் போய்விடுகிறேன்.

ஆரணியில் மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து பனிக்கடலுக்கு அடியில் எண்ணெய் தேடுவது என் வேலை. கடலின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். சொன்னாலும் இந்தத் தெருவில் யாரும் போய்த் தோண்டப் போவதில்லை. மாமனார் முருகேசன் பட்டு வியாபாரி. ஒருமுறை திரையைப் பார்த்துக் கேட்டார்.

"எண்ணெ வந்தா நம்மளுக்கு இன்னா கெடைக்கும் மாப்ள?"

"சம்பளந்தான் மாமா."

"வரலேன்னா?"

"அப்பவும் சம்பளந்தான்."

"நல்ல யாவாரமா கீதே," என்றார். அன்றிலிருந்து என்மேல் அவருக்கு மதிப்பு கூடிவிட்டது.

கடலடியில் துளை போடும்போது பாறையை உருளையாக அறுத்துக் குழாய்க்குள் மேலே எடுப்பார்கள். அதைக் கோர் என்போம். அதன் படங்கள் எனக்கு வரும். பார்த்து, மேலிருந்து கீழாக வரைபடம் போடுவேன். களிக்கல்லுக்குச் சாம்பல் நிறம், மணற்கல்லுக்கு மஞ்சள். மணற்கல்லின் துளைகளில் எண்ணெய் தங்கும். அதனால் எல்லோருக்கும் மஞ்சள் பிடிக்கும்.

இப்போது பார்க்கும் எண்ணெய்க் கிணற்றில் நடுவே ஏழு மீட்டர் பாறை மேலே வரவில்லை. நொறுங்கி விழுந்துவிட்டது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் குறுக்கே பெருக்கல் குறி போட வேண்டும். எங்கள் தொழிலில் பொய் சொல்லாத குறி அது ஒன்றுதான். போட்டு அனுப்பினேன். சென்னையிலிருந்து மேலாளர் மாணிக்கவேல் கூப்பிட்டார்.

"வெறுமையா விடாதீங்க ஹேமநாத். கிளையண்ட் பார்த்தா பயந்துடுவாங்க."

"கோர் வரலியே சார்."

"ஏன் வரல? லூஸான மணல், நொறுங்கிடுச்சு. மஞ்சள் போடுங்க."

"உடைஞ்ச களிக்கல்லாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்னு சொல்றதுக்கா நம்மளுக்கு சம்பளம்?"

மஞ்சள் போட்டேன். என் மனைவி பானுப்ரியா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் போனதிலிருந்து யாரையும் மறுத்துப் பேசத் தோன்றுவதில்லை.

முதல் கூட்டத்தில் அந்த ஏழு மீட்டர் மணற்கல்லாக இருக்கக்கூடும். அடுத்த கூட்டத்தில் அது தரமான மணற்கல். அதற்கடுத்ததில் படுகை முழுக்கப் பரவியிருந்தது. பனியுகத்தில் பனிப்பாறைகள் மேலடுக்குகளை வழித்துக்கொண்டு போனதில் எண்ணெயை அடைத்து வைக்கும் மூடிப்பாறை விரிசல்விட்டு, இருந்த எண்ணெயும் கசிந்து போயிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாணிக்கவேல் என்னை மியூட் செய்தார். யாரோ கைதட்டினார்கள்.

கீழ் வீட்டிலும் இதே மாதிரி ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. தலைமை, மாமியார் அபிதகுசாம்பாள். பொருள், பானு கடைசியாக என்ன சொன்னாள் என்பது. ஐசியூவில் ஓர் ஆளைத்தான் விட்டார்கள். உள்ளே இருந்தது நான். நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காரியத்தன்று மாமியார் சொன்னது: "தங்கச்சிய பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா." பொங்கலுக்குள் அது "தங்கச்சிய அவரு கையில புடிச்சி குடு" ஆனது. ஆடியில் "கட்டிக்கச் சொல்லு." போன வாரம் கல்யாண மண்டபத்தின் பெயரும் சேர்ந்துவிட்டது. ஏசி மண்டபம். கட்டி முடித்தே ஆறு மாதம்தான் ஆகிறது. பானுவின் சித்தி சாவித்திரிக்குக் கிளிப்பச்சைப் புடவையைக் கொடுக்கச் சொன்னதாகவும் ஒரு கிளை ஆய்வு உண்டு.

தங்கையின் பெயர் லோகேஸ்வரி. ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவது என்று கீழே பேச்சு. வேலைக்குப் போக வேண்டாம் என்றும் பேச்சு.

நேற்று மாடிக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"மாமா, அக்கா நெசமாவே அப்டி சொன்னாளா?"

நான் திரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"இந்த மஞ்சள் இன்னாது?"

"மணற்கல்."

"பாத்தீங்களா?"

"இல்ல. அந்தப் பாறை மேல வரல."

"வராததுக்கு எதுக்கு கலரு?"

"மேனேஜர் போடச் சொன்னாரு."

"எங்கம்மாவுக்கும் அந்த ஆபீஸ்ல ஒரு வேல வாங்கிக் குடுங்க மாமா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க வாய தொறக்கலேன்னா வெள்ளிக்கிழம தட்ட மாத்திடுவாங்க. நான் அழுதாக்கூட அக்கா நெனப்புல அழுவுறான்னு சொல்லிடுவாங்க."

அவள் இறங்கிப் போனாள். மஞ்சளை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். மாணிக்கவேல் கூப்பிட்டார். எடுக்காமல் கீழே போனேன்.

மாமனார் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரும் சாவித்திரியும் எதிரே. லோகேஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள்.

"அத்த, பானு அப்டி எதுவும் சொல்லல."

"அந்த நேரத்துல உங்களுக்கு இன்னா கேட்டிருக்கும் மாப்ள."

"உங்கள உள்ளயே வுடலியே."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"கிளிப்பச்ச பொடவ..." என்றார் சாவித்திரி.

"அதுவும் இல்லீங்க."

மாமனார் காலண்டரிலிருந்து நிமிர்ந்தார். "அப்போ இன்னாதான் சொன்னா? ஒரு வருஷமா நீங்க அதப்பத்தி பேசினதே இல்ல."

சொன்னேன். அடுத்த படுக்கைக்காரரின் மனைவி, செங்கத்து அம்மா, வெளியே வராண்டாவில் இருந்தார். அவரிடம் போன் சார்ஜர் இரவல் வாங்கியிருந்தோம். மூச்சுக்குழாய் வைக்கப்போகிறோம், அப்புறம் பேச முடியாது, ஏதாவது பேசுவதென்றால் பேசிக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பானு ஆக்சிஜன் முகமூடியை விலக்கிப் பேசினாள். சார்ஜரைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது படுக்கையைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"எங்க யாரு பேரையும் எடுக்கலியா?" என்றார் மாமனார்.

"இல்ல மாமா."

அவர் எழுந்து காலண்டரை ஆணியில் மாட்டினார். பிறகு லோகேஸ்வரியிடம், "ஓசூருக்கு காலைல பஸ்சு எத்தினி மணிக்கு இருக்குதுன்னு பாரு," என்றார். அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாமியார் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அவ பேசின மாதிரியே சொல்லுங்க மாப்ள. ஒரு வார்த்த கூட்டாம."

சொன்னேன்.

"ஏங்க, அந்தம்மா சார்ஜரு நம்மகிட்டயே கீது பாருங்க. ஜல்தியா குடுத்துட்டு வாங்க, பாவம், தேடிகினு இருப்பாங்க."