சிவப்பு வட்டம்

கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள்: அண்ணன், தம்பியின் மனைவி, அப்பாவிடமே ஜூனியர் வக்கீலாக இருந்த அவர்கள் மகள், குமாஸ்தா. நடுவில் வெள்ளைத் துணியின் கீழ் தம்பி.

அண்ணன் முதுகு வளையாமல் உட்கார்ந்து பத்திரிகைக்கு இரங்கல் விளம்பரம் எழுதினார். ‘முப்பத்தெட்டு ஆண்டுகள் தோல்வியே காணாத வழக்கறிஞர்.’

குமாஸ்தா செருமினார். “ஐயா, நேத்துகூடத் தோத்தோமே.”

“செத்த வீட்டுல வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா.”

நேற்றுக் காலை ஒரு சத்துமாவு விளம்பரத்தை நுகர்வோர் நீதிமன்றம் பொய் என்று நிறுத்தியிருந்தது. தம்பி அந்த நிறுவனத்தின் வக்கீல். இன்று காலை மாரடைப்பு. தோற்ற அதிர்ச்சி என்று தெரு பேசியது. அந்த வாய்களை அடைக்கத்தான் இந்த வரி.

மகள் அப்பாவின் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘தோல்வியே காணாத’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதினாள். கட்சிக்காரர்களின் விளம்பரம் எது பார்வைக்கு வந்தாலும் அப்பா செய்கிற வேலை அது.

“பெரியப்பாவுக்கே திருத்தமா?”

“அப்பா இத விட்டிருக்க மாட்டார், பெரியப்பா.”

அண்ணன் விளம்பரத்துக்குப் புகைப்படம் தேடித் தம்பியின் பையைத் திறந்தார். கையில் வந்தது சத்துமாவு விளம்பரத்தின் மாதிரித்தாள். ‘மூன்றே மாதத்தில் உயரம்!’ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘ஆதாரம் இல்லை. வெளியிடக் கூடாது.’ கீழே தம்பியின் கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி.

“அவன் அப்பவே வேண்டாம்னிருக்கான்! கம்பெனிக்காரங்கதான் கேக்கல. இதப் பத்திரிகையில போடறேன்.”

குமாஸ்தா தாளை அவர் கையிலிருந்து மெதுவாக உருவினார். “கட்சிக்காரருக்குச் சொன்ன யோசனைங்க இது. வெளிய போகக் கூடாது. ஐயா அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல.”

“சொன்னதில்லதான்,” என்றாள் மனைவி. “நேத்து தோத்துட்டு வந்ததக்கூடச் சொல்லல. சாப்பிட்டார், படுத்தார். விடிய விடியக் குறட்டை. நான்தான் தூங்கல.”

அண்ணன் தான் எழுதிய தாளை எடுத்தார். அந்த வரியை ஒவ்வொரு சொல்லாக அடித்தார். ‘வழக்கறிஞர்’ மட்டும் மிஞ்சியது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டு டெய்லர் உள்ளே வந்தார். “கேஸ் தோத்த அதிர்ச்சியிலதான் போயிட்டாராமே?”

அண்ணன் எழுந்து நின்றார்.

“தோத்தான். நேத்துக் காலையில. ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினான். இன்னிக்குக் கோர்ட்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டறப்போ போனான்.”